போனுக்குள் நடக்கும் போட்டி

உங்கள் செல்போனைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒரு பெயர் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஆங்கில எழுத்தாக இருந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். சாம்சங், விவோ, ரெட்மி, ஒப்போ, நோக்கியா, ஜியோ என்று ஏதாவது ஒன்றாக இருக்கும்.

அது போன் எந்தப் பெயரில் விற்கப்பட்டதோ அந்தப் பெயர். போனுக்குள்ளே இன்னொரு பெயரும் இருக்கிறது. அது வெளியே தெரியாது. அந்த இரண்டாவது பெயருக்காகத்தான் உலகத்தின் பெரிய கம்பெனிகள் மோதிக்கொண்டன. அந்த மோதலில் உலகத்திலேயே அதிகமாகப் போன் விற்ற கம்பெனி விழுந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போனது. நம் விழிஞ்ஞத்தில் மீன் விற்கும் ஒரு மாமியின் போனில் திடீரென்று வாட்சாப் நின்றதும் அதே மோதலால்தான்.

எப்படி என்று பார்ப்போமா?

முதல் பேச்சு

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவில் ஒரு செல்போனைக் கையில் எடுத்தார். டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இந்தியாவில் செல்போனில் நடந்த முதல் பேச்சு அது. அவர் பேசியது நோக்கியா போனில்.

அடுத்த வருடம் கேரளத்துக்கும் செல்போன் வந்தது. 1996 செப்டம்பர் 17ஆம் தேதி கொச்சியில் முதலில் பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. ‘செம்மீன்’ நாவலை எழுதியவர். கடல்புறத்து மக்களின் கதையை எழுதியவர்தான் இங்கே முதலில் செல்போனில் பேசினார். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அப்போது பேசுவது எளிதா? இல்லை. ஒரு நிமிஷம் பேச 16 ரூபாய்க்கு மேல்கூட ஆனது. நமக்கு வருகிற போனை எடுத்தாலும் காசு. அன்று அது பணக்காரர் கையில் இருந்த பொருள். 2003ஆம் ஆண்டில்தான் வருகிற பேச்சுக்குக் காசு இல்லை என்று ஆனது.

ஆனால் அதற்கு முன்பே போனை வாங்கிய ஏழைகள் உண்டு. அவர்கள் வட கேரளத்து மீனவர்கள்.

சாளையும் செல்போனும்

1997ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி. வடகரைக் கடற்கரையில் 11 வள்ளங்கள் சாளையோடு கரை சேர்ந்தன. வாங்க ஆள் இல்லை. மீனைக் கொட்டிவிட வேண்டிய நிலை. ஆனால் அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் வேறு கடற்கரைகளில் 27 வியாபாரிகள் இருந்தார்கள். மீன் கிடைக்காமல் வெறும் கையோடு திரும்ப இருந்தார்கள். ஒரு பக்கம் மீன் அழுகுகிறது. இன்னொரு பக்கம் கூடை காலியாக இருக்கிறது. இவருக்கு அவரைத் தெரியாது. அவருக்கு இவரைத் தெரியாது.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதை எழுதி வைத்தார். அவர் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் 300 வள்ளங்களின் கணக்கை வாரம் தவறாமல் எடுத்தார். 1996 முதல் 2001 வரை எடுத்தார். அந்தச் சமயத்தில்தான் அங்கே ஒவ்வோர் இடமாகச் செல்போன் கோபுரம் வந்தது. கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை கடலிலும் சிக்னல் கிடைத்தது.

மீனவர்கள் போன் வாங்கினார்கள். வள்ளத்தில் இருந்தபடியே, “எந்தத் துறையில் விலை நல்லா இருக்கு?” என்று கேட்டார்கள். அங்கே வள்ளத்தைத் திருப்பினார்கள். என்ன ஆனது தெரியுமா? அதற்கு முன் பிடித்த மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை வீணாகிக்கொண்டிருந்தது. அந்த வீண் அநேகமாக நின்றுவிட்டது. மீனவரின் லாபம் நூற்றுக்கு 8 ரூபாய் கூடியது. மீன் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு விலை நூற்றுக்கு 4 ரூபாய் குறைந்தது. இரண்டு பக்கமும் நன்மை.

இந்த ஆராய்ச்சி 2007இல் வெளிவந்தது. உலகம் முழுவதும் பேசப்பட்டது. நம் ஊர் வள்ளங்கள் அதில் இல்லை. ஆனால் நம் அண்ணன்மாரும் பிறகு அதையேதான் செய்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

ஒரு துறை எப்படிப் பெரிதாகிறது?

இப்போது ஒரு கேள்வி. மழைக் காலத்தில் விழிஞ்ஞம் துறையில் ஏன் இவ்வளவு கூட்டம்?

தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மற்ற ஊர்களில் கடல் கொந்தளிக்கும். வள்ளம் இறக்க முடியாது. விழிஞ்ஞத்தில் இறக்கலாம். ஆகவே பூந்துறையிலிருந்தும் அஞ்சுதெங்கிலிருந்தும் வருகிறார்கள். குமரி மாவட்டத்திலிருந்தும் வருகிறார்கள். வள்ளம் வருவதால் வியாபாரி வருகிறார். வியாபாரி இருப்பதால் இன்னும் வள்ளம் வருகிறது. ஐஸ் வண்டி வருகிறது. எஞ்சின் சரிசெய்கிறவர் வருகிறார். டீக்கடை வருகிறது.

யாரும் உத்தரவு போடவில்லை. கூட்டம் கூட்டத்தைக் கூட்டுகிறது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போன் கம்பெனிகளின் சண்டை முழுவதும் இதுதான். ஆனால் அது புரிய வேண்டும் என்றால் போனுக்குள் இருக்கும் அந்த இரண்டாவது பெயர் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

இயங்குதளம் என்றால் என்ன?

ஒரு வள்ளத்தில் ஐந்து, ஆறு பேர் போகிறார்கள். ஒருவர் வலை வீசுகிறார். ஒருவர் எஞ்சினைப் பார்க்கிறார். ஒருவர் கயிறு இழுக்கிறார். அமரத்தில் இருப்பவர்தான் எல்லாரையும் சேர்த்து நடத்துகிறார். “இப்ப வலையை விடு. இப்ப எஞ்சினை நிறுத்து” என்று சொல்கிறார். அவர் இல்லை என்றால் எல்லாரும் இருந்தும் வள்ளம் போகாது.

போனுக்குள்ளும் பல பொருள்கள் உண்டு. திரை, பேட்டரி, கேமரா, ஒலிபெருக்கி. இவற்றைச் சேர்த்து நடத்துவதற்கு ஒரு அமரக்காரர் வேண்டும். அவர் ஆள் இல்லை. எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. அதற்கு இயங்குதளம் என்று பெயர். நீங்கள் திரையைத் தொட்டதும் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது அதுதான்.

வாட்சாப், யூடியூப், பணம் அனுப்பும் கூகுள் பே எல்லாம் செயலிகள். செயலி இயங்குதளத்தின் மேல்தான் ஓடும். ஒரு இயங்குதளத்துக்கு எழுதிய செயலி இன்னொன்றில் ஓடாது. யமஹா எஞ்சினின் பாகம் சுசுகி எஞ்சினில் பொருந்துமா? அதைப்போலத்தான்.

இன்று உலகத்தில் இரண்டு இயங்குதளங்கள்தான் பெரியவை. ஒன்று கூகுள் கம்பெனியின் ஆண்ட்ராய்டு. மற்றொன்று ஆப்பிள் கம்பெனியின் ஐ.ஓ.எஸ். அது ஐபோனில் மட்டும் ஓடும். இந்தியாவில் நூறு பேர் கையில் இப்படிப்பட்ட பெரிய போன் இருந்தால், தொண்ணூறு பேருக்கு மேல் ஆண்ட்ராய்டுதான் வைத்திருக்கிறார்கள். வெளியே சாம்சங், விவோ, ரெட்மி என்று எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே அதுதான்.

இருபது வருடத்துக்கு முன் அப்படி இல்லை. அப்போது ராஜா நோக்கியா.

டார்ச் வைத்த போன்

நோக்கியா ஃபின்லாந்து நாட்டுக் கம்பெனி. வடக்கே, பனி பெய்யும் சின்ன நாடு. 1865இல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. ரப்பர் செருப்புகூட விற்றது. பிறகு செல்போனுக்கு வந்தது.

2003இல் நோக்கியா 1100 என்ற போனைக் கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் அது இருந்தது. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். தூசி புகாத பொத்தான். வழுக்காத உறை. தலையில் ஒரு சின்ன டார்ச். கரண்ட் போகும் ஊர்களையும் தூசி பறக்கும் ஊர்களையும் மனதில் வைத்துச் செய்த போன் அது. விடிவதற்கு முன் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அந்த டார்ச் எவ்வளவு உதவியது! உலகம் முழுவதும் சுமார் 25 கோடி போன்கள் விற்றன. அதைவிட அதிகம் விற்ற போன் கிடையாது என்று சொல்கிறார்கள்.

நோக்கியா இந்தியாவிலேயே போன் செய்ய முடிவு செய்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை கட்டியது. 2006 தொடக்கத்தில் அங்கே வேலை ஆரம்பித்தது. தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் பஸ்ஸில் வேலைக்கு வந்தார்கள். பலருக்கு அது முதல் சம்பளம். நோக்கியாவில் நேரடியாக வேலை செய்தவர்கள் ஒரு சமயம் எட்டாயிரம் பேர். பக்கத்தில் பாகங்கள் செய்யும் கம்பெனிகளிலும் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். அங்கே செய்த போன்கள் கப்பலில் ஏறிப் பல நாடுகளுக்குப் போயின.

அந்தப் பெண்கள் செய்த போனில் குறை ஒன்றும் இல்லை. கீழே விழுந்தாலும் உடையாது. பேட்டரி நாள்கணக்கில் நிற்கும். பிறகு ஏன் அந்த ஆலை மூடப்பட்டது?

துறை மாறியது

2007 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டினார். அதில் பொத்தான் வரிசை இல்லை. முழுவதும் கண்ணாடி. விரலால் தொட்டால் போதும். அடுத்த வருடம் ஆப்பிள் ஒரு கடையும் திறந்தது. அது செயலிகளின் கடை. யார் வேண்டுமானாலும் செயலி எழுதி அங்கே விற்கலாம். ஆப்பிள் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும்.

ஐபோன் விலை அதிகம். நம்மால் வாங்க முடியாது. ஆனால் கூகுள் வேறு வழியில் வந்தது. அது 2005இல் ஆண்ட்ராய்டு என்ற சின்னக் கம்பெனியை வாங்கி வைத்திருந்தது. 2007 நவம்பரில் அறிவித்தது: “இந்த இயங்குதளத்தை எந்தப் போன் கம்பெனியும் சும்மா எடுத்துக்கொள்ளலாம்.” 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. பிறகு சாம்சங் பெரிய அளவில் இறங்கியது. இந்தியாவின் மைக்ரோமேக்ஸ் இறங்கியது. சீனக் கம்பெனிகளும் இறங்கின. எல்லாருக்கும் அமரக்காரர் ஒருவரே. வள்ளம் மட்டும் வேறு வேறு.

செயலி எழுதுகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஆள் அதிகம் இருக்கும் இடத்துக்குத்தானே வருவார்கள்? அவர்கள் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் எழுதினார்கள். செயலி அங்கே இருப்பதால் மக்கள் அந்தப் போன்களை வாங்கினார்கள். மக்கள் வாங்கியதால் இன்னும் செயலி வந்தது. நம் துறையில் நடந்ததே அங்கும் நடந்தது.

நோக்கியாவிடம் சிம்பியன் என்ற சொந்த இயங்குதளம் இருந்தது. அது பொத்தான் போன் காலத்தில் பிறந்தது. தொடுதிரைக்கு அதை மாற்றுவது சிரமமாக இருந்தது. வியாபாரிகள் ஒவ்வொருவராக அந்தத் துறையை விட்டுப் போனார்கள்.

2010இல் ஸ்டீபன் ஈலப் என்பவர் நோக்கியாவின் தலைமைக்கு வந்தார். அதற்கு முன் மைக்ரோசாஃப்டில் இருந்தவர். 2011 பிப்ரவரியில் அவர் தன் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் தீப்பிடித்தால் என்ன செய்வது? நின்றால் எரிந்து போவாய். குதித்தால் குளிர்ந்த கடல். நம் நிலைமை அதுதான் என்று எழுதினார்.

அவர் குதித்தார். ஆனால் ஆண்ட்ராய்டுப் பக்கம் குதிக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் பக்கம் குதித்தார். அது மூன்றாவது துறை. புதிதாகக் கட்டிய துறை. நல்ல துறைதான். அந்தப் போன்களைப் பயன்படுத்தியவர்கள் இன்றும் புகழ்கிறார்கள். ஆனால் அங்கே வியாபாரி இல்லை. பல செயலிகள் அதற்கு வரவே இல்லை. சில தாமதமாக வந்தன. 2013இல் மைக்ரோசாஃப்ட் தானே ஒரு யூடியூப் செயலியைச் செய்தது. யூடியூபின் சொந்தக்காரரான கூகுள் அதைத் தடுத்தது. போட்டி என்றால் அப்படியும் நடக்கும்.

ஆண்ட்ராய்டை எடுத்திருந்தால் நோக்கியா பிழைத்திருக்குமா? பலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகம்தான். ஆண்ட்ராய்டை எடுத்த கம்பெனிகளும் பல விழுந்துபோயின. நம் நாட்டு மைக்ரோமேக்ஸ் ஒரு காலத்தில் சாம்சங்கோடு சமமாக நின்று போட்டி போட்டது. 2016இல் ஜியோ வந்தது. எல்லாரும் 4ஜி போன் கேட்டார்கள். சீனக் கம்பெனிகள் அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தன. மைக்ரோமேக்ஸ் பின்னுக்குப் போய்விட்டது. அமரக்காரர் ஒருவரே என்றால் விலையில்தானே போட்டி? அதில் லாபம் கொஞ்சம்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது?

2013 செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. அதற்குள் ஸ்ரீபெரும்புதூர் ஆலை வேறொரு சிக்கலில் மாட்டியிருந்தது. அது வரிச் சிக்கல்.

வரி எதற்காக? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். போனுக்குள் வைக்கும் மென்பொருளுக்காகத்தான். மென்பொருள் என்றால் நாம் மேலே சொன்ன, எழுதி வைத்த கட்டளைகள். இங்குள்ள நோக்கியா அதற்காக ஃபின்லாந்தில் உள்ள தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பியது. “அந்தப் பணத்துக்கு வரி பிடித்திருக்க வேண்டும்” என்றது வருமான வரித் துறை. 2013இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நோக்கியா மறுத்தது. வழக்கு நடந்தது. தமிழ்நாடு அரசும் விற்பனை வரி கேட்டது.

2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தது. வழக்கு இருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மைக்ரோசாஃப்ட் கைக்குப் போகவில்லை. நோக்கியா கையிலேயே நின்றது. நோக்கியாவுக்கோ இனிப் போன் தொழில் இல்லை. சில மாதங்கள் அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குப் போன் செய்து கொடுத்தது. சுமார் 5,000 பேர் பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார்கள். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு விருப்ப ஓய்வு! இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ! 2014 நவம்பர் 1ஆம் தேதி முதல் ஆலையில் உற்பத்தி நின்றது.

மைக்ரோசாஃப்டுக்கும் லாபம் இல்லை. 2015இல் அது நோக்கியாவை வாங்கிய கணக்கில் 760 கோடி டாலரை நஷ்டம் என்று எழுதியது. பிறகு விண்டோஸ் போனையே கைவிட்டது. வரி வழக்கு 2018இல் பேசித் தீர்ந்தது. அந்த ஆலையை சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கியது. 2020இல் அங்கே மறுபடி வேலை தொடங்கியது. போன் சார்ஜர் செய்கிறார்கள்.

இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் செய்கிறார்கள். ஃபாக்ஸ்கான் என்ற தைவான் கம்பெனியின் பெரிய ஆலை சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. அங்கும் பெரும்பாலும் இளம் பெண்கள்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப் பல பெண்கள் நோயில் விழுந்தார்கள். மற்ற பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. விடுதியைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆப்பிள் சொல்ல வேண்டி வந்தது. வேலை திரும்ப வந்தது நல்ல விஷயம். ஆனால் போட்டி போடுகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அதன் சூடு படுவது இங்கே.

சும்மா கொடுப்பவருக்கு என்ன லாபம்?

கூகுள் ஏன் ஆண்ட்ராய்டைச் சும்மா கொடுக்கிறது? நம் கடற்கரையில் எல்லாருக்கும் இதற்குப் பதில் தெரியும்.

வலை வாங்கவும் எஞ்சின் வாங்கவும் ஏலக்காரர் முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்க மாட்டார். நல்ல மனிதர்போல் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிடிக்கும் மீன் அவர் கையால்தான் ஏலம் போக வேண்டும். ஒவ்வோர் ஏலத்திலும் அவருக்குக் கமிஷன்.

கூகுளும் அப்படித்தான். ஆண்ட்ராய்டுக்குக் காசு வாங்காது. ஆனால் பிளே ஸ்டோர் என்ற செயலிக் கடை வேண்டும் என்றால் நிபந்தனை உண்டு. கூகுளின் தேடல், யூடியூப், இணையம் பார்க்கும் குரோம் எல்லாவற்றையும் போனில் முன்பே வைத்து விற்க வேண்டும். நாம் அவற்றைப் பயன்படுத்தும்போது விளம்பரம் வரும். அந்த விளம்பரத்தில்தான் கூகுளுக்கு வருமானம்.

நம் நாட்டில் இந்தியப் போட்டி ஆணையம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை நசுக்காமல் பார்ப்பது அதன் வேலை. ‘இந்த நிபந்தனைகள் தவறு’ என்று அது 2022 அக்டோபரில் சொன்னது. கூகுளுக்கு 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. மேல் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அந்த அபராதம் சரி என்றது. ஆணையம் போட்ட சில கட்டளைகளை மட்டும் நீக்கியது. இதனால் என்ன மாறியது? 2023 ஜனவரியில் கூகுள் இந்தியாவுக்கு மட்டும் சில நிபந்தனைகளைத் தளர்த்தியது. எந்தத் தேடல் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஆனாலும் பெரும்பாலோர் பழையதையே வைத்திருக்கிறோம். பழகிய ஏலக்காரரை விடுவது லேசா?

மாமியின் போன்

இனி மாமியின் விஷயத்துக்கு வருவோம்.

2017இல் ஜியோ கம்பெனி ஒரு பொத்தான் போனை அறிவித்தது. 1,500 ரூபாய் முன்பணம் கட்டினால் போன் கிடைக்கும். அதற்குள் இருந்தது ஆண்ட்ராய்டு இல்லை. காய் ஓ.எஸ். என்ற சின்ன இயங்குதளம். 2018இல் அதில் வாட்சாப்பும் வந்தது. ஏழைகள் நிறையப் பேர் வாங்கினார்கள். மாமியும் வாங்கினார். வளைகுடா நாட்டில் இருக்கும் மகனின் குரலை வாட்சாப்பில் கேட்டார்.

வாட்சாப் கம்பெனி ஒவ்வொரு துறையாகக் கணக்குப் பார்த்தது. எங்கே கூட்டம் குறைகிறதோ அங்கே கடையை மூடியது. 2017இல் சிம்பியனில் நிறுத்தியது. 2018 முடிவில் பழைய நோக்கியா போன்களில் நிறுத்தியது. 2019 முடிவில் விண்டோஸ் போனில் நிறுத்தியது. 2025இல் காய் ஓ.எஸ். போன்களிலும் நின்றது.

மாமி போனை ஒரு கடைக்குக் கொண்டுபோனார். “போன் கெட்டுப்போச்சு மாமி, புதுசு வாங்குங்க” என்று கடைக்காரர் சொன்னார். போன் கெடவில்லை. பேச முடிகிறது. பேட்டரி நிற்கிறது. கெட்டது போன் இல்லை, துறையில் வியாபாரி இல்லை. இதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? மாமி 3,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய தொடுதிரை போன் வாங்கினார். அதிலும் வாட்சாப் ஓடவில்லை. அதற்குள் இருந்தது மிகப் பழைய ஆண்ட்ராய்டு. 3,000 ரூபாய் என்றால் எத்தனை நாள் தலைச்சுமை என்று அவருக்குத்தான் தெரியும்.

கடலில் இது உயிர்ப் பிரச்சினை

2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயல் வந்தது. விழிஞ்ஞம், பூந்துறை, குமரிக் கடற்கரை எல்லாம் அழுதன. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கோபுரத்திலிருந்து தூரம் போய்விட்டால் எந்தப் போனும் வெறும் டப்பாதான்.

அதன்பின் 2019இல் ஜெமினி என்ற சின்னக் கருவி வந்தது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமும் வேறு அரசு அமைப்புகளும் சேர்ந்து கொண்டுவந்தன. அது விண்கோளிலிருந்து நேராகச் செய்தி வாங்கும். புயல் வருகிறது, அலை உயரம் இவ்வளவு, மீன் இந்தப் பக்கம் கிடைக்கும் என்று சொல்லும். ஆனால் அந்தக் கருவியில் திரை இல்லை. கம்பி இல்லாமல், புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். போனில் உள்ள ஒரு செயலிதான் அதைக் காட்டும். டார்ச் வைத்த பொத்தான் போன் அதைக் காட்டாது.

சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலியும் இப்படித்தான். மீனவர் தோழன் என்று பொருள். முதலில் அதைப் பொத்தான் போனுக்காக எழுதினார்கள். துறை மாறியதும் ஆண்ட்ராய்டுக்கு மாற்றி எழுத வேண்டி வந்தது. தமிழிலும் மலையாளத்திலும் அது கிடைக்கிறது. காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் காட்டுகிறது. கரையிலிருந்து புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

உங்கள் போனில் பாருங்கள்

தொடுதிரை போன் வைத்திருப்பவர்கள் இப்போதே இதைச் செய்து பார்க்கலாம். திரையில் பல்சக்கரம் போல ஒரு படம் இருக்கும். அதைத் தொடுங்கள். ஒரு நீண்ட பட்டியல் வரும். அதில் ‘மொழி’ என்று இருந்தால் தமிழ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மலையாளம் படிப்பவர்கள் மலையாளம் வைக்கலாம். பிறகு மறுபடி அதே பட்டியலுக்கு வாருங்கள். கடைசிவரை தள்ளிக்கொண்டே போங்கள். போனைப் பற்றிய விவரம் என்று ஒரு வரி இருக்கும். சில போன்களில் அது பட்டியலின் தலையில் இருக்கும். அதைத் தொட்டால் ஆண்ட்ராய்டு என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு எண்ணும் தெரியும்.

எண் பெரிதாக இருந்தால் புதியது. சிறிதாக இருந்தால் பழையது. 5க்குக் கீழே உள்ளதில் 2025 முதல் வாட்சாப் ஓடாது. இந்தக் கணக்கு வருடத்துக்கு வருடம் மேலே போகும். அங்கேயே ‘பாதுகாப்பு அப்டேட்’ என்று ஒரு தேதியும் இருக்கும். போன் கம்பெனி கடைசியாக ஓட்டை அடைத்த தேதி அது. அது மூன்று நான்கு வருடம் பழையது என்றால் அந்தப் போனில் பணம் அனுப்புவது அவ்வளவு நல்லதில்லை.

பழைய போன் வாங்கும்போது பின்பக்கத்துப் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் நின்றபடியே பல்சக்கரத்தைத் தொட்டு அந்த எண்ணைப் படியுங்கள். வாட்சாப்பை அங்கேயே இறக்கித் தரச் சொல்லுங்கள். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். பழைய ஆளின் கூகுள் கணக்கை நீக்கித் தரச் சொல்லுங்கள். புதிய போன் என்றால், “இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?” என்று கேளுங்கள். இரண்டு வருடம் என்றும் சொல்வார்கள், நான்கு என்றும் சொல்வார்கள். விலை உயர்ந்த சில போன்களுக்கு ஏழு வருடம்கூட உண்டு. தெரியாது என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.